கீழ் விளிம்பில் ஒரு நிழல்

வண்டி இடித்துவிட்டது, கூரை பறந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்பவர்கள் அனுப்பும் போட்டோக்களைச் சரிபார்ப்பதுதான் இன்சூரன்ஸ் கம்பெனியில் எங்கள் பிரிவின் வேலை. நான் சேர்ந்து மூன்று வாரம். பயிற்சி கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். மூக்கு உரசுகிற மாதிரி படத்தைப் பார்ப்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தேன். முதல் நாளே என் வாலை ஒட்ட நறுக்கிவிட்டாள்.

"என்ன நடந்திருக்கும்னு அப்புறம் சொல்லலாம் அக்கா. என்ன தெரியுதுன்னு முதல்ல சொல்லுங்க. முகத்தைக் கடைசியாப் பாருங்க, அது நம்மள ஏமாத்திடும். நிழலைப் பாருங்க, காலைப் பாருங்க, எடுத்தவங்க எங்க நின்னாங்கன்னு பாருங்க."

உச்சிவெயிலில் இடித்ததாகச் சொன்ன ஒரு காரின் நிழல் சாலையின் மறுபக்கம் வரை நீண்டிருந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கண்ணோடு அன்று மாலை அம்மா வீட்டுக்குப் போனதுதான் வினை.

ஹாலில் தம்பியின் கடைசிப் படம் மாட்டியிருக்கும். நான்கு வயதில், பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தாழ்ந்த விளிம்பில் நின்று சிரிக்கிறான். அதன் கதை எங்களுக்கு மனப்பாடம். அன்று மதியம்தான் அப்பா கேமரா வாங்கி வந்தார். பன்னிரண்டரைக்கு அம்மா இந்தப் படத்தை எடுத்தாள். பிறகு தம்பியின் கையை என்னிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். நாலரைக்கு நான் கையை விட்டுவிட்டேன், அவன் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தச் சின்ன ஈரக் கை நழுவியது முப்பத்தோரு வருடமாக என் உள்ளங்கையில் இருக்கிறது. எனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று சொன்னதும் அதனால்தான்.

முகத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். படத்தின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு நிழல் அவன் முழங்கால் வரை நீண்டிருந்தது. கொண்டை தெரிந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகள் தெரிந்தன. உச்சிவெயிலில் நிழல் இவ்வளவு நீளாது. அவன் வலது குதிகால் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காற்றில் இருந்தது. பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான்.

தெரிவது அவ்வளவுதான். நடந்திருப்பது என்ன என்று யோசித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது மதியம் எடுத்ததில்லம்மா."

அவள் கை நின்றது. மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"கொஞ்சம் பின்னாடி போடான்னு சொன்னேன்," என்றாள். "இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு இதை இங்க மாட்டி வச்சே?"

"சொல்ல வாய் வரல. நீயே பாத்துடுவேன்னு நெனச்சேன். தினமும் இதுக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டே."

அவளை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதைவிட வேறொன்று பயமாக இருந்தது.

"அவன் கை நழுவினது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. ஈரமா இருந்துச்சு."

"நீ உள்ள தூங்கிட்டிருந்தே," என்றாள் அம்மா. "நான் சொல்லிச் சொல்லித்தான் உனக்கு அது ஞாபகமாச்சு."

உள்ளங்கையைப் புடவையில் துடைத்தேன். இன்னொரு முறை அழுத்தித் துடைத்தேன். ஈரம் போகவில்லை.