பதில் சொல்லுங்க அத்தான்

படத்தை நிறுத்திவிட்டு அவள் கட்டிலின் பக்கம் திரும்பினாள். திரையில் ஒரு பெண், சாத்திய கதவில் காதை வைத்தபடி உறைந்து நின்றாள்.

"சொல்லுங்க அத்தான். அவ ஏன் கதவைத் திறக்கல?"

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவனின் அண்ணன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் பேச்சைப் பறித்துக்கொண்டு நினைவை மட்டும் விட்டுவைத்திருந்தது. உதடு கோணி அசைந்தது. எச்சில் கழுத்துக்கு இறங்கியது. துண்டு அவள் மடியிலேயே கிடந்தது.

"அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவருடைய பள்ளியில்தான் அவள் மகள் முதலில் படித்தாள். எழுத்துகள் அந்தக் குழந்தைக்குப் பிடிபடாமல் இடம் மாறி மாறித் தெரிந்தன. ஒருநாள் பள்ளி முழுக்கக் கூடியிருக்க, புத்தகத்தைக் கையில் கொடுத்து, வாசித்து முடிக்கும்வரை நிற்கச் சொன்னார். பாவாடை நனைந்த பிறகும் விடவில்லை. "தம்பி பொண்ணா இருந்தா என்ன, மண்டு மண்டுதான்," என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தார்.

கணவன், அண்ணன் முன்னால் வாயே திறக்காதவன். அவள்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு படத்தைப் போடுவாள், பாதியில் நிறுத்துவாள். இவன் ஏன் பொய் சொல்றான்? நீயா இருந்தா என்ன செய்வே? பிள்ளை பேசியது. பேசியதை வரைந்தது. பிறகு, என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் தவிப்பில், வேற்றுமொழிப் படங்களின் அடியில் ஓடும் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தது. "வீட்டுலயே சினிமா கொட்டகை நடத்துறா," என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை தம்பி மனைவியான இவள் தலையில் விழுந்தபோது எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். இவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

"தெரியலையா? இவ்வளவு பெரிய வாத்தியாருக்கு இதுகூடவா தெரியல?"

அவர் கண்ணில் நீர் கட்டியது. பசி அடங்குவதுபோல அவளுக்கு இதமாக இருந்தது.

"அம்மா."

வாசலில் மகள், தோளில் பையோடு.

"என்னம்மா பண்றே?"

"உன்கிட்ட கேட்ட மாதிரிதான் கேக்கறேன்."

"என்கிட்ட நீ இப்படிக் கேட்டதே இல்ல."

"எல்லாம் உனக்காகத்தான்டி."

"என்னை இதுல இழுக்காதே."

மகள் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். திரையைப் பார்த்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, கதவுக்கு வெளியில நிக்கறது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? ஆமான்னா கண்ணை மூடுங்க."

அவர் மூடினார்.

"சரியாச் சொன்னீங்க."

கண்கள் திறக்கவில்லை. மூச்சு ஒருமுறை இழுத்து, நின்றது.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கணவன் அழுது வீங்கிய முகத்தோடு வந்தான்.

"கடைசியா அண்ணன் ஏதாவது..."

அவள் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நான் ஒண்ணு கேட்டேன்ப்பா. சரியா பதில் சொன்னாரு."

சுற்றியிருந்தவர்கள் விம்மினார்கள். அம்மாவுக்கு நெஞ்சு காந்தியது. இந்த நல்ல பெயரோடு போய்விட்டாரே, பாவி.

மகளின் பக்கத்தில் போய் நின்று அவள் தோளில் கை வைத்தாள். அப்போது தள்ளாடியபடி ஒரு முதியவர் உள்ளே வந்தார். மகள் சட்டென்று நகர்ந்து, அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.