பிரசாதமாகப் போன பெட்டி

பெங்களூரு தொம்மலூரில் ரகு வேலை பார்க்கும் கம்பெனி, வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகளைப் பொடியாக்கி விற்கிறது. ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, புதுச் சரக்கின் முதல் பெட்டியைச் சாமி படத்தின் முன் வைப்பார்கள். விற்பனை மேனேஜர் ரகு இந்த வருஷம் அதைக் கேட்டு வாங்கி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பி கவியரசனிடம் கொடுத்துவிட்டு வந்தான். கவியரசனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ ஏறியதிலிருந்து வயிற்றுப்போக்கு அவனை வாட்டி எடுத்தது.

"சாமி பிரசாதம்டா, சாப்பிட்டதும் கலக்கிக் குடின்னு சொல்லிட்டு வந்தேன்" என்று கம்பெனி கேன்டீனில் பெருமை அடித்துக்கொண்டான் ரகு.

எதிரே உட்கார்ந்திருந்த அனுஷா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அந்தப் பொடியை உருவாக்கியதே அவள்தான். வருஷக்கணக்கில் அதற்காக மாடாய் உழைத்தவள். "ரகு, உடனே போன் போடுங்க. குடிக்கக் கூடாது!"

"என்ன மேடம், நல்லதுன்னுதானே ஊரெல்லாம் விக்கறேன்?"

"நல்லா இருக்கறவங்களுக்கு நல்லது. கீமோல எதிர்ப்பு சக்தி அடியோட போயிருக்கும். இந்தக் கிருமி ரத்தத்துல ஏறிட்டா உயிருக்கே ஆபத்து."

ரகு உடனே போன் போட்டான். தம்பி போனை எடுக்கவில்லை. வார்டு போனும் கிடைக்கவில்லை. இருவரும் ஆட்டோவில் பாய்ந்து ஏறினார்கள். "பேகா ஹோகி அண்ணா!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி வழியெல்லாம் டிரைவரைக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே போனான் ரகு.

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது, கவியரசன் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழிக்கப் போனான்.

"டேய், வேண்டாம்!"

"சாமிக்கு வெச்சதை எப்படிண்ணா வேண்டாங்கறது?"

அனுஷா பதறாமல் கையை நீட்டினாள். "பிரிக்காம குடுங்க தம்பி. உங்க நெஞ்சுல மருந்து ஏத்தற குழாய் இருக்கு, அது வழியா கிருமி ரத்தத்துல போயிடும், பக்கத்துல பொடி பறக்கக்கூடக் கூடாது. நான் செஞ்சதுதான், உங்களுக்கு வேண்டாம்னு நானே சொல்றேன். சாமி கோவிச்சுக்காது." பாக்கெட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே எடுத்துப் போனாள்.

சேதி கேட்டு வந்த டாக்டர், "இப்போ இது வேண்டவே வேண்டாம். நல்ல வேளை தடுத்தீங்க" என்றார்.

இப்படியும் ஒரு மனுஷியா என்று ரகு மலைத்துப்போனான். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான்.

கவியரசன் லேசாகச் சிரித்தான். "நீ அவ்ளோ சொன்னப்போகூட எனக்கு அதுமேல நம்பிக்கை வரலண்ணா. அவங்க வேண்டாம்னதும் வந்துடுச்சு. குணமானப்புறம் அவங்க குடுத்தா குடிக்கறேன்."