முக்குக் கடையின் நல்ல மிஷின்

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தால் என் வீட்டுக்காரருக்கு நூற்று எண்பது. தெருமுக்கு மெடிக்கல் ஷாப்பில் பார்த்தால் நூற்று முப்பத்துநாலு. எது நல்ல இடம்? நான்தான் முடிவு செய்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறார். இருபது மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைத் தூக்குகிற வேலை. மாதம் ஒருமுறை பிரஷர் சீட்டு காட்ட வேண்டும். நூற்று நாற்பதைத் தாண்டினால் மேலே ஏற விடமாட்டார்கள். ஆனால் எங்கே பார்த்த சீட்டு என்று யாரும் கேட்பதில்லை, முத்திரை இருந்தால் போதும். ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலையில் வரிசை பிடித்தால் மதியம் டாக்டரின் முகம் தெரியும், உடனே திட்டும் விழும். மெடிக்கல்காரரோ நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்து, ஐந்தே நிமிடத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சைட்டில் பாதிப்பேர் அங்கேதான்.

"ஆஸ்பத்திரிக் கூட்டத்தப் பாத்தே உங்களுக்கு ஏறுது, வேற ஒண்ணுமில்ல" என்றேன் அவரிடம். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ஆகிறது.

இன்று காலை பிடரியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "பின்னந்தல ஒரேயடியா கனக்குது."

"தலகாணி சரியில்ல" என்றேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அவர் வேலைக்குப் போனதும் என் முட்டி வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே யார் போனாலும் டாக்டரிடம் விடும் முன் பிரஷர் பார்ப்பார்கள். எனக்கு நூற்று இருபத்தாறு. டாக்டர் எழுதிய களிம்பை வாங்க, மதியம் இரண்டு மணிக்கு முக்குக் கடைக்கு வந்தேன். சைட் ஆட்கள் மூன்று பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சீட்டுக்குக் காத்திருந்தார்கள். களிம்பு எடுக்க நேரமானது. சும்மா இருக்க மாட்டாமல் மிஷினில் கையை நீட்டினேன்.

எண்பத்துநாலு.

"லோ பிரஷர்ம்மா. டானிக் தரட்டுமா?" என்றார் மெடிக்கல்காரர்.

"அரமணி முன்னால நூத்தி இருபத்தாறு. இந்தாங்க ஓ.பி. சீட்டு."

"நடந்து வந்தீங்கல்ல, எறங்கியிருக்கும்."

"நடந்தா எறங்குமா? எங்க, உங்க கைய வைங்க பாப்போம்."

"எனக்கு மாத்திர போட்டும் நூத்தி அம்பதுக்குக் கொறையாதும்மா" என்று சிரித்தபடியே பட்டையைச் சுற்றினார். நூற்று எட்டு. சிரிப்பு போய்விட்டது.

"இத்தன நாளா இதுல நீங்க பாத்ததே இல்லையா?"

"நான் டாக்டர்கிட்டதான்மா பாக்கறது."

படுபாவி. எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் இந்தக் கணக்கு வந்தது. நூற்று முப்பத்துநாலோடு நாற்பதுக்கு மேல் கூட்ட வேண்டும். அதுவும் போன மாதம் பார்த்தது என்றால், மாத்திரை இல்லாமல் இப்போது எவ்வளவோ. களிம்பைக்கூட வாங்காமல் வாசலுக்கு ஓடினேன்.

கடை வாசலில் நின்றாலே கிரேன் தெரியும். கட்டடங்களுக்கு மேலே அதன் நீண்ட கை, இரும்புக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் போனைக் கீழே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். அதனால் என் தம்பிக்குப் போட்டேன். கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு இடம் சொல்வது அவன்தான்.

"அக்கா, அப்புறம் பேசறேன். லோடு மேல இருக்கு."

"டேய், மாமாவ எறங்கச் சொல்லு. ஒடனே!"

"அதான்க்கா, நிறுத்துங்கன்னு நாலு தடவ சொல்லிட்டேன். மாமா பதிலே பேசல. வாக்கி டாக்கில ஏதோ கோளாறு போல."

நிமிர்ந்து பார்த்தேன். கை நிற்கவில்லை. கட்டடத்தைத் தாண்டி, ஆட்கள் நிற்கிற பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"கோளாறு அதுல இல்லடா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு! ஓடுடா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் கடைக்குள் மிஷின் உஸ்ஸென்று காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டான்.

"நூத்தி இருபத்திரண்டு" என்றான் சந்தோஷமாக. "சீட்டு குடுங்கண்ணே."