ஒரு பக்கப் பின்னல்

ஹார்ன் சத்தம் கேட்டதுமே தமிழினி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் பரப்பிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, சந்து முனையைத் தாண்டி, மெயின் ரோட்டில் நின்ற ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறி, எப்போதும் உட்காரும் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். பஸ்ஸும் கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டில் உட்கார வேண்டிய பெரியம்மா அம்சவேணி, வீட்டுக் கூடத்தில் மாலையோடு படுத்திருந்தாள்.

காலையில் பெரியம்மாவின் மருமகள், அண்ணி சௌமியா, "குளிச்சிட்டு வேற துணி போட்டுக்கோ" என்றுதான் சொன்னாள். கை தானாகச் சீருடையை எடுத்துவிட்டது. வீடே அழுதுகொண்டிருந்தபோது இவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

"அம்சாக்கா எங்கடி?" முன் சீட்டிலிருந்து முபஷ்ஷிரா திரும்பினாள். கம்பெனியில் பெரியம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவள்.

"வரல."

"லீவா? நேத்து ஒரு வார்த்த சொல்லல. சரி, திரும்பு. தலய யாரு பின்றது?"

தினமும் அந்த வேலை பஸ்ஸில்தான் நடக்கும். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் பெரியம்மா இரண்டு பின்னலையும் போட்டு ரிப்பனால் மடித்துக் கட்டிவிடுவாள். முபஷ்ஷிரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வகிடு எடுத்தாள். விரல்கள் வேறு மாதிரி இருந்தன. தமிழினிக்கு இது எந்த நாள் என்றே குழம்பியது.

ஆலங்காயத்துக்கு மேலே, மலையடியில் அவள் ஊர். அங்கே பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்கத்தான் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். ஆம்பூர் ஹைஸ்கூலில் மணி அடித்தால் ஒரு டீச்சர் போய் இன்னொரு டீச்சர் வருவார். யாருக்கும் அவள் பெயர் தெரியாது. ஒருநாள் பக்கத்து செக்‌ஷனில் போய் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்கப் பாடம் கேட்டிருக்கிறாள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சாயந்தரம் பஸ்ஸில் அழுவாள். "நான் ஊருக்கே போறேன் பெரியம்மா."

"இந்த மாசம் பாரு. அடுத்த மாசம் போவலாம்."

ஜூனிலும் இதே பதில், ஆகஸ்டிலும் இதே பதில். நேற்றும் தமிழினி கேட்டாள். பெரியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஒரு பக்கம் பின்னி முடித்து முபஷ்ஷிரா பச்சை ரிப்பனைக் கட்டினாள். "அக்காக்கு எத்தினி நாளு லீவு?"

"செத்துட்டாங்க" என்றாள் தமிழினி.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. முபஷ்ஷிராவின் கை நின்றது. பின்னாலிருந்து யாரோ "யா அல்லா" என்றார்கள். விஷயம் சீட் சீட்டாகத் தாண்டி முன்னால் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் ராஜேஷ் பஸ்ஸை ஓரம்கட்டினான். யாரும் திருப்பு என்று சொல்லவில்லை. யாரும் கம்பெனிக்கு நேரமாகிறது என்றும் சொல்லவில்லை. அவன் பாலத்துக்கு முன்னாலேயே வளைத்துத் திருப்பினான்.

கம்பெனியின் நீலக் கோட்டோடு பெண்கள் வரிசையாகச் சந்துக்குள் வந்தபோது, மகளைத் தேடி அலைந்த அப்பா சம்பத் ஓடிவந்து தமிழினியின் தோளைப் பிடித்தார். விடியலில்தான் அவரும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா தன் அக்காவின் காலடியில் கிடந்தாள்.

"எங்க பாப்பா போன? நாளைக்கு எங்களோட ஊருக்கு வந்துடு. அழுதுக்கினே இருந்தியே, இனிமே வாணாம்."

மூன்று மாதமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. தமிழினிக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் கேட்டதனால்தான் இப்படி ஆனதோ என்று பட்டது.

"இங்கயே இருக்கட்டும் மாமா. நான் பாத்துக்க மாட்டனா?" என்றாள் சௌமியா.

"சோறு நீ போடுவ. பள்ளிக்கூட நேரத்துக்கு டவுன் பஸ்ஸு இல்ல. கம்பெனி பஸ்ஸுல அவங்க இருந்தாங்க, ஏத்தினாங்க. இனிமே யாரு ஏத்துவாங்க?"

"நான் ஏத்துறேன்" என்றான் ராஜேஷ். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தான்.

சம்பத் அவனைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற பாப்பா?"

போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாலும் அழுகை வந்தது, இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாலும் அழுகைதான் வந்தது.

பக்கத்து வீட்டம்மா அவள் தலையைப் பார்த்துவிட்டாள். "சாவு வூட்ல இன்னாடி ரிப்பனு? அவுத்து வுடு."

தமிழினி பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவிழ்க்கவில்லை.

கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருவராக அம்சவேணியின் காலைத் தொட்டுவிட்டு வெளியேறினார்கள். கடைசியாக முபஷ்ஷிரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா" என்றாள் தமிழினி.

பைக்குள் கைவிட்டு இன்னொரு பச்சை ரிப்பனை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தபடி, முபஷ்ஷிராவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

முபஷ்ஷிரா வாசலைப் பார்த்தாள். சம்பத்தைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த பாதியை மூன்றாகப் பிரித்தாள்.

மெயின் ரோட்டில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ராஜேஷ் ஹார்ன் அடிக்கவில்லை.