அப்பா முறுக்கிய வில்

பள்ளிச் சட்டைக்குள் வலது கையை நுழைக்க முடியாமல் மகள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பாதி தூக்கியதும் அது அங்கேயே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயல்வாள்.

"அம்மா, கொஞ்சம் வாயேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, கையை மெல்லப் பிடித்துச் சட்டைக்குள் விட்டாள். "இன்னிக்கு வில்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்ல இரு."

"ஆரம்பிச்சாச்சா?" என்று வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வில்வித்தை அணித் தேர்வு கிட்ட வந்தா தோளும் வலிக்கும், தலையும் வலிக்கும். எல்லாம் சாக்கு. தைலத்தத் தேச்சுட்டுக் கிளம்பச் சொல்லு."

இப்படிச் சொன்ன மனிதர் இருசக்கர வண்டிப் பட்டறை நடத்துகிறவர். 'காது மெக்கானிக்' என்றுதான் அவருக்குப் பெயர். வண்டியை முடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தால் போதும், எந்த உறுப்பு தேய்கிறது என்று சொல்லிவிடுவார். "அதான் ஓடுதே" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "முனகுற வண்டிய மேல மேல ஓட்டுறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று சண்டைக்கே போய்விடுவார். அந்தக் காது, பெற்ற பிள்ளையின் முனகலுக்கு மட்டும் அடைத்துக்கொண்டது.

அடைத்தது எங்கே என்றால், வில்வித்தை மைதானத்தின் கம்பி வேலியில். மாலையில் பிள்ளைகள் உள்ளே அம்பு விட, தகப்பன்மார்கள் வேலிக்கு வெளியே நின்று வாய் விடுவார்கள். நாணை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பவுண்டில் சொல்வது வழக்கம். எந்தப் பிள்ளைக்கு எப்போது பவுண்டைக் கூட்டுவது என்பது பயிற்சியாளரின் பொறுப்பு. ஆனால் வேலிக்கு வெளியே அது கௌரவப் பிரச்சினை.

"எம்பொண்ணு அடுத்த பவுண்டுக்கு ஏறிட்டா" என்றார் மருந்துக்கடைக்காரர் ஒருநாள். "உங்க பொண்ணு இன்னும் அதேதானா? பாவம்."

அந்தப் 'பாவம்' மெக்கானிக்கின் நெஞ்சில் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வில்பெட்டியைத் திறந்தார். வில்லின் மேலும் கீழும் வளையும் கைகளைத் தாங்கும் இரண்டு திருகுகளை இறுக்கினால் இழுவை கூடும் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பட்டறையின் திருகுச்சாவியை எடுத்தார், இறுக்கினார். அம்பு வேகமாகப் போவதைப் பார்த்து அடுத்த வாரமும் இறுக்கினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகளோ தனக்குத்தான் பலம் குறைந்துவிட்டது என்று நம்பி, இன்னும் கூடுதலாக இழுத்துப் பழகினாள். என்ன அநியாயம் இது!

சட்டை போட முடியாமல் நின்ற அந்த நாளின் மாலை, அவள் நாணை இழுத்தபோது தோள் காதுவரை ஏறியது. அம்பு தரையில் குத்த, வில்லை நழுவவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். அவளைப் பார்த்துவிட்டு வில்லை எடுத்தார். சந்தேகம் வந்து நாணை இழுவை அளக்கும் தராசில் மாட்டி இழுத்ததும் முகம் மாறியது. திருகைத் தடவிய விரலில் கறுப்பாக கிரீஸ் ஒட்டியது.

"பவுண்ட நான்தான் கூட்டுவேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? யாரக் கேட்டு இதத் திருகினே? திருட்டுத்தனமா பெரிய ஆள் ஆகப் பாக்கறியா? உன்னத் தேர்வுக்கு அனுப்பவே மாட்டேன்!"

மகள் அந்தக் கறுப்பைப் பார்த்தாள். வேலிக் கம்பியைப் பிடித்து நின்ற அப்பாவின் நகக்கண்ணில் அதே கறுப்பைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. கோழை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா மேடம்" என்றாள் மகள். "நான்தான் திருகினேன்."

அதற்குமேல் அப்பாவால் நிற்க முடியவில்லை. வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பொய் சொல்றா மேடம். நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மகள் நிமிர்ந்தாள். கண்ணில் நீரோடு கோபமும் கொப்பளித்தது. "எவனோ கொண்டுவர்ற வண்டி முனகினா காது வெச்சுக் கேக்கறீங்க. நான் தினம் தினம் வலிக்குதுன்னு அழுதேனேப்பா. ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் குனிந்து அவளை மெல்ல எழுப்பி, மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

தோளின் தசைநார் நைந்திருக்கிறது என்றார் மருத்துவர். பல மாதங்களுக்கு வில்லைத் தொடக்கூடாது. வலி அடங்கியபின் சின்னச் சின்னப் பயிற்சிகளில் தொடங்கவேண்டும். முதல் வலியிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும் என்றார். தேர்வு கைவிட்டுப் போனது. அவள் அப்பாவிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

பயிற்சியாளரிடம் சேதி சொல்ல மைதானத்துக்குப் போனார் மெக்கானிக். வேலியோரம் மருந்துக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "இதுக்கா தேர்வ விட்டீங்க? ஒரு ஊசி போட்டா ஓட்டிடலாமே. எம்பொண்ணுகூடத்தான் தோள் வலின்னு சிணுங்குறா. நான் கண்டுக்கறதே இல்ல."

மெக்கானிக் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"கண்டுக்கோங்கய்யா! நான் கண்டுக்காம விட்டதுல எம்பொண்ணால தலை சீவக் கையத் தூக்க முடியல. பிள்ள வலிக்குதுன்னா அந்த நிமிஷமே வில்லக் கீழ வைக்கச் சொல்லி, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. அப்பனுக்குப் பெருமை வேணும்னா அப்பன் சம்பாதிச்சுக்கணும். அதப் பிள்ளைங்க தோள்ல ஏத்தாதீங்க!"

உள்ளே, நாணை இழுக்கக் கையைத் தூக்கியிருந்த மருந்துக்கடைக்காரரின் மகள், அம்பை எடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டே வில்லைத் தரையில் வைத்தாள்.