சத்தம் எடுத்த பதினோரு வினாடிகள்

மண்டபக் காவலர் ஆர்வித் ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கூட்டியபோதுதான் சுன்னிவாவுக்கு அது கேட்டது. படத்தின் இசைக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல்: "நீ எனக்குப் பொறந்தவனே இல்ல. போடா."

திரையில் அப்பா படகின் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பதினேழு வயது அண்ணன் யூஸ்டைன்.

"நிறுத்துங்க!"

ஆர்வித் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மணி பத்தரை. ஒரு மணிக்கு அப்பாவின் அடக்கம். பிறகு இந்த மண்டபத்தில் காபி, கேக், இந்தப் படம். ஆஸ்லோ வீட்டில் பழைய கேமரா நாடாக்களை ஒட்டித் தயாரித்தபோது சின்ன ஒலிபெருக்கியில் இந்த வார்த்தைகள் கேட்கவில்லை. அன்று கேமராவைப் பிடித்திருந்தவளும் அவள்தான், பன்னிரண்டு வயதில். அன்று கேட்டிருக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முந்தைய துண்டுகளெல்லாம் ஆஸ்லோவில். கையில் இருந்தது முடிந்த படம் மட்டும். குரலும் இசையும் ஒன்றாகக் கலந்துபோன ஒரே கோப்பு.

அம்மா கேக்கோடு வந்தாள். "ஏன்டி முகம் இப்படி இருக்கு?"

சுன்னிவா போட்டுக் காட்டினாள். அம்மா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"அந்த இடத்த வெட்டிடு."

"வெட்டினா அண்ணனே படத்துல இல்லம்மா. அவன் இருக்கறது இந்த ஒரு இடத்துலதான்."

அந்த வாரமே வீட்டைவிட்டுப் போனவன். பத்தொன்பது வருடம் கழித்து இன்று பன்னிரண்டு மணி ஃபெர்ரியில் வருகிறான்.

"அப்பாவுக்கு அன்னிக்கு எஞ்சின் மேல கோவம்," என்றாள் அம்மா.

"எஞ்சின்கிட்டயா சொன்னாரு?"

அம்மா கேக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

சுன்னிவா மடிக்கணினியில் சத்தத்தைக் குறைத்தாள். இசையும் கூடவே செத்தது. குரலை மட்டும் வடிகட்டிப் பார்த்தாள். அப்பா தண்ணீருக்கடியிலிருந்து அதையே சொன்னார். வேறொரு பாட்டை மேலே போட்டாள். அதையும் தாண்டி 'போடா' மட்டும் வெளியே வந்து விழுந்தது. "அப்பா, வாய மூடுங்கப்பா," என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

ஃபெர்ரியின் சங்கு ஊதியது. வேறு வழியில்லை. அந்தப் பதினோரு வினாடிகளின் சத்தத்தை முழுதாக எடுத்துவிட்டு, மறுபடி கோப்பாக்கக் கொடுத்தாள். அறுபது சதவீதம், அறுபத்தொன்று. வாசலில் யாரோ காலணியிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டபோது தொண்ணூற்றெட்டு.

அடக்கம் முடிந்து படம் ஓடியது. யூஸ்டைன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், தலை லேசாக நரைத்து. படகு வந்தது. இசை அறுந்தது. மண்டபத்தில் கோப்பைகளின் சத்தம் மட்டும். ஒலிபெருக்கி கெட்டுவிட்டதென்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆர்வித் எழுந்தார்.

"உக்காருங்க ஆர்வித். ஒண்ணும் கெட்டுப்போகல," என்றான் யூஸ்டைன்.

திரையில் அப்பாவின் வாய் அசைந்தது. சத்தத்தை எடுத்தும் வார்த்தைகள் அந்த வாயில் அப்படியே இருப்பதை சுன்னிவா அப்போதுதான் பார்த்தாள். யூஸ்டைன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இசை திரும்பியது. அம்மா அவன் கோப்பையில் காபி ஊற்றி, கேட்காமலே இரண்டு சர்க்கரைக் கட்டிகளைப் போட்டாள். அவன் கரண்டியை எடுத்துக் கலக்கத் தொடங்கினான். படம் முடிந்து, விளக்கெல்லாம் போட்ட பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தான்.