பிறந்தது மூன்று

1991 பிப்ரவரியில் மதிவதனி டீச்சருக்குச் சென்சஸ் வேலை போட்டார்கள். வல்லக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சிற்றூரில் நூற்று முப்பது வீடுகள். பத்து வருடத்துக்கு முன்பும் அந்த வீடுகளை எண்ணியவள் அவள்தான்.

வேலை முடியும் தறுவாயில் தாள்களைக் கூட்டிப் பார்த்தாள். ஏழு வயது நிரம்பாத ஆண் பிள்ளைகள் நாற்பத்தொன்று, பெண் பிள்ளைகள் இருபத்தொன்பது. போன முறை ஐம்பத்திரண்டும் ஐம்பதும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் பெருகிவிட்டதால் பிள்ளைகள் குறைந்தது புரிந்தது. பெண்கள் மட்டும் இவ்வளவு குறைவானேன்? மேற்பார்வையாளரிடம் காட்டினாள். சின்ன ஊரில் அப்படித்தான் ஏறும் இறங்கும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் கிளியம்மாள் வந்து நின்றாள். மறைமலை நகர் கம்பெனியில் வேலை செய்யும் கண்ணப்பனின் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள். கணக்கெடுக்கப் போன அன்று, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்கு அவள் வாயைத் திறக்கும் முன் மாமியார் "ரெண்டு" என்றிருந்தாள்.

"பொறந்தது மூணு டீச்சர். மூணுன்னு எழுதுங்க."

மூன்றாவதும் பெண். பதினெட்டாம் நாள் பேதி கண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்று இவள் கெஞ்சினாள். வீட்டில் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். மூன்று நாளும் அதையே சொன்னார்கள். நான்காம் நாள் குழந்தை இல்லை.

"அது வந்துட்டுப் போச்சுன்னு ஒரு காயிதத்துல கூட இல்ல," என்றாள்.

மதிவதனி இரண்டை அடித்து மூன்று என்று எழுதினாள். போகும்போது கிளியம்மாள் இன்னொன்றும் சொன்னாள். இப்போது நாலாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் பார்க்க அழைத்துப் போகிறார்களாம்.

அடுத்த நாள் காலை, ஷிப்டுக்குப் போகும் வழியில் கண்ணப்பன் சைக்கிளை நிறுத்தினான். மூன்று என்று மாற்றியது அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"இன்னா டீச்சர், போலீஸ் கேஸ் ஆயிடுமா? ரெண்டுன்னே போட்டுடுங்க."

இந்தத் தாள் எந்தக் கோர்ட்டுக்கும் போகாது, சட்டமே அப்படி என்று அவள் விளக்கினாள். பிறகு கேட்டாள், "கொழந்த பொறந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவன் ஹேண்டில்பாரைப் பார்த்தபடி, "பொறந்துச்சு," என்றான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அன்று மாலை, பக்கத்து ஊரிலிருக்கும் மதிவதனியின் வீட்டுக்கும் வேறொருவர் கணக்கெடுக்க வந்தார். பிறந்தது இரண்டு, இருப்பது இரண்டு என்றாள். இரண்டும் பையன்கள். நடுவில் ஒன்று, ஐந்து வருடத்துக்கு முன்பு, ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கலைத்தது. கணவர் முடிவு செய்தார், இவள் மறுக்கவில்லை. அதைக் கேட்கும் கேள்வி தாளில் இல்லை. வந்தவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை வயல் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் போய், வேறு யாரிடமும் சொல்லாத அதைச் சொன்னாள். போகாதே என்று சொல்லவில்லை. தனக்கு நடந்ததை மட்டும் சொன்னாள். கிளியம்மாள் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு விடிந்ததும் கிளியம்மாள் பெண்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். டீச்சர்தான் குடும்பத்தைக் கெடுத்தாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். சில வீடுகளில் டீச்சருக்குத் தண்ணீர் கூடக் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் கிளியம்மாளின் மூத்தவளுக்கு மதிவதனிதான் டி.சி. எழுதிக் கொடுத்தாள். அந்த வகுப்பில் ஏற்கெனவே பெண்கள் ஐந்து பேர்தான், இனி நாலு.

ஆடியில் கிளியம்மாளுக்குப் பெண் பிறந்தது. கண்ணப்பன் போகவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து அங்கே போனானாம். வாசலில் நின்று பார்த்தான்; தூக்கச் சொல்லி நீட்டியும் வாங்கவில்லை. அடுத்த வாரமும் போனான். வீட்டுக்கு வா என்று மட்டும் இன்னும் அழைக்கவில்லை.